கோதாரி என்றொரு சொல்

எமது வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையை அயலவரின் ஆடொன்று மேய்ந்துவிட்டது. இல்லாள் ஓடிச் சென்று, "கோதாரியிற் போக!" என்று அதனைத் துரத்தினார். விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "அப்பப்பா, கோதாரி என்றால் என்ன?" என்று கேட்டான். வைதவருக்கே பொருள் சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தால் வாயில் வருகின்ற சொல், அவ்வளவுதான் என்றார்.

கோதாரி என்பது வாந்திபேதி. மருத்துவர்கள் கொலரா என்பது அதனையே. காலையில் நல்ல சுகத்தோடு இருந்தவரை மறுநாள் விடியுமுன் கொண்டுபோகும் ஆற்றல் அந்நோய்க்கு உண்டு. ஒரு காலத்தில் அச்சொல்லைக் கேட்டவர் நடுங்கியிருப்பார். இன்று அது ஆட்டைத் துரத்தப் பயன்படுகின்றது. நோயை மறந்து சொல்லை மட்டும் வைத்திருக்கும் பேறு எமக்கு எவ்வாறு வாய்த்தது? இதனைப் பேரனுக்கு விளக்கும்பொருட்டு, அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு திருகோணமலைப் பழைய ஆங்கிலேயர் இடுகாட்டுப் பக்கமாக நடந்தோம்.

அங்கே சார்ள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி துயில்கின்றார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் அவர். கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிப் பர்மியப் போருக்குச் சென்றவர், 1852 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள் ஐராவதி ஆற்றின்மேல் உயிர் நீத்தார். அவரைக் கொன்றது பகைவரின் பீரங்கி அன்று, வாந்திபேதியே.

அவர் இறந்து இரண்டே ஆண்டுகளில், 1854 இல், இலண்டன் நகர மருத்துவர் ஜோன் ஸ்னோ ஓர் உண்மையைக் கண்டார். ஒரு தெருவில் இறந்தவர்களுள் மிகப் பலர் ஒரே நீர்க்குழாயில் நீர் எடுத்தவர்கள். நோய் கெட்ட காற்றினால் வருகின்றதென உலகம் நம்பியிருந்த காலம் அது. அவரோ, அது நீரில் வருகின்றது என்று சொல்லி, அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884 இல், கல்கத்தாவில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக், வளைந்த சிறு கிருமியே அந்நோய்க்குக் காரணம் என நிறுவினார்.

காரணம் தெரிந்துவிட்டால் நோய் ஒழிந்துவிடுமா? இதே திருகோணமலையில் வாழ்ந்த மேஜர் மோல்ஸ்வேர்த்தின் கதை வேறு விதமாகச் சொல்கின்றது. பொறியியற் படையைச் சேர்ந்த அவர் சிறந்த வானியலறிஞர். எமது ஊரின் இரவு வானத்தைத் தொலைநோக்கியால் துருவி, 1901 இல் வியாழக் கிரகத்தின் மேற்பரப்பில் எழுந்த பெரும் மாற்றமொன்றைக் கண்டறிந்தார். செவ்வாய்க் கிரகத்தின் பள்ளமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. அத்தகையவர் 1908 இல், 41 ஆவது வயதில், இவ்வூரிலேயே வயிற்றுளைவு நோயால் மாண்டார். கோடானுகோடி மைல் தூரத்தில் உள்ளதைக் கண்டவருக்கு, உணவிலோ நீரிலோ கலந்து வந்த நுண்கிருமி தென்படவில்லை.

"பாவம், வெள்ளைக்காரர்" என்றான் பேரன். வெள்ளைக்காரரின் கல்லறைக்கு எழுத்து உண்டு. எம்மவர் பலரின் இடத்தைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. அவனுக்கு இதுவரை சொல்லாத ஒன்றை அன்று சொன்னோம்.

1957 ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் பெருவெள்ளம் கிழக்கிலங்கையை மூடியபோது எமக்கு வயது எட்டு. வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீர் கலங்கிக் கிடந்தது. மூன்று வயதுத் தங்கைக்கு வயிற்றோட்டம் கண்டது. "வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்பது வீட்டுப் பெரியவர்களின் உறுதியான கொள்கை. அவள் நாள் முழுதும் "தண்ணி, தண்ணி" என்று கேட்டாள். மனம் பொறாமல் ஒரு சிரட்டையில் நீர் மொண்டு சென்ற எமது கையை அம்மம்மா பிடித்துக்கொண்டார். அதிற் கொடுமை சிறிதும் இல்லை. பிள்ளையைக் காக்கவே தடுத்தார். மறுநாள் அவள் கண்கள் குழிவிழுந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. வெள்ளத்தால் உடைந்த பாதையில் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்வதற்குள் எல்லாம் முடிந்தது.

அந்தச் சிரட்டைத் தண்ணீர் இன்றும் எமது நினைவில் ததும்புகின்றது. வயிற்றோட்டத்தில் உயிரைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று. உடலிலுள்ள நீரும் உப்பும் வடிந்துபோவதே. நீரை நிறுத்துவது எரிகின்ற வீட்டில் கிணற்றை மூடுவதற்கு ஒப்பாகும். வெறும் நீரைவிட, அளவாகச் சீனியும் உப்பும் கலந்த நீரைக் குடல் எளிதில் ஏற்றுக்கொள்கின்றது. சீனியின் துணையோடு உப்பு உட்செல்ல, நீரும் அதனைத் தொடர்கின்றது. 1971 இல் வங்காள அகதிகளின் முகாமொன்றில் வாந்திபேதி பரவியபோது, ஊசிவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கலயங்களில் வைத்து, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழாகக் குறைந்தது.

மாணவர்களே, இதனை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர். சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி. உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி. உப்பு மிகுந்தால் தீங்கு; அளவு தவறக் கூடாது. மருந்துக் கடையில் விற்கும் ஜீவனிப் பொட்டலம் இருப்பின் அதுவே சிறந்தது. சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், குடிக்க முடியாமல் பிள்ளை சோர்ந்தாலும், தாமதியாது வைத்தியசாலையை நாடுக.

நோய்க்கு நாம் கற்ற பாடம் நினைவிருக்கும். எமக்கு அது கற்பித்த பாடமோ விரைவில் மறந்துபோகும். எமது கொட்டியாரக் குடாவில் 1660 இல் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸின் கதையைப் பலர் அறிவர். அவருடன் பிடிபட்ட தந்தையார் மறு ஆண்டே கண்டி இராச்சியத்தில் காய்ச்சலால் மாண்டார். அந்தக் குலைப்பன் காய்ச்சல், அதாவது மலேரியா, இலங்கையை நூற்றாண்டுக் கணக்கில் வாட்டியது. நுளம்பை ஒழிக்கும் முயற்சியால் 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கே நோய் கண்டது. வென்றுவிட்டோம் என்று கைகள் தளர்ந்தன. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது! மீண்டும் நெடுநாள் உழைத்து, 2016 இல்தான் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றோம். மறு ஆண்டே கிண்ணியாவில் டெங்கு மூண்டு பாடசாலைகளை மூடவைத்தது. அந்த நுளம்பு தேடுவது சேற்றுக் குட்டையை அன்று. எமது முற்றத்துச் சிரட்டையிலும் பழைய ரயரிலும் மூடாத தொட்டியிலும் நிற்கும் தெளிந்த நீரையே.

தங்கை போனபின் அம்மா அவளைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும், அடுப்பை அணைக்குமுன், ஒரு கேத்தல் நீரைக் கொதிக்க வைத்து மூடிவைப்பார். காய்ச்சலாய்க் கிடந்த நாளிலும் அது தவறியதில்லை. சாப்பிட வருபவரின் கையைப் பார்த்த பின்னரே சோறு போடுவார். அவருக்குக் கொக்கையும் தெரியாது, ஸ்னோவையும் தெரியாது.

வீடு திரும்பியதும் பேரன் தாகம் என்றான். போத்தலைக் குழாயடிக்கு எடுத்துச் சென்றவன், சற்று நின்று, குசினிக்குப் போய்க் கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்தான். அதில் நீர் இல்லை. எமது வீட்டிலும் சில மாதங்களாக அந்த வழக்கம் தளர்ந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்து நாணினோம். அன்றிரவு அடுப்பில் நீரை ஏற்றினோம். வாசகர் வீட்டிலும் ஒரு முறை கேத்தலைத் திறந்து பார்க்கட்டும். கோதாரி என்னும் சொல் எமது பேரப்பிள்ளைகளுக்கு ஆட்டைத் துரத்த மட்டுமே பயன்படுவதாக.