வெள்ளிக்கு மேலே பச்சை

சேலையூரில் அந்த வீட்டு மாடியறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது விமானம் இல்லை, சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானி. முள் 80-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. "இன்னைக்கு ஸ்ப்ரே கிடையாது தம்பி. எழுபதுக்குக் கீழ இறங்கினாத்தான்" என்றார் அவர். ஐப்பசி மாதத்தில் அது எப்போது இறங்கும் என்று நான் கேட்கவில்லை.

1976-ல் விமானப்படையில் சேர்ந்தவர். விமான உடலைப் பழுதுபார்க்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் வேலையைப் பக்கத்துத் தாம்பரத்தில் கற்றுக்கொண்டு, இருபது வருடங்கள் பெரும்பாலும் மிக்-21 விமானங்களோடு கழித்திருக்கிறார். இப்போது அதையே பிளாஸ்டிக்கில், 48-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறார். நிஜத்தில் இறக்கை முனையிலிருந்து முனைக்கு 7.15 மீட்டர், மேஜைமேல் இருந்ததற்கு 15 சென்டிமீட்டர்கூட இல்லை. நீளம் மட்டும் பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்கு வருகிறது.

பாகங்கள் வந்த பெட்டி செக் நாட்டு எட்வார்ட் கம்பெனியுடையது. பெட்டிமேல் போட்டிருந்தது பி.எஃப். ரகம். அவருக்கு வேண்டியதோ, நம் நாட்டில் 'டைப் 77' என்ற பெயரோடு நாசிக்கில் ஹெச்.ஏ.எல். தயாரித்த எஃப்.எல். ரகம். இரண்டுக்கும் விமானி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி ஒன்றுதான், முன்பக்கமாகத் தூக்கித் திறப்பது, ஆனால் எஃப்.எல்.லின் வால் அகலமானது. இன்னொரு பெட்டியில் மிச்சமிருந்த வாலை எடுத்துப் பொருத்தியிருந்தார். "அலமாரில வெச்சா யாருக்கு சார் தெரியப்போவுது?" என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்ப்ரே இல்லாத நாளில் ஒட்டும் வேலை. ஃபெவிகால் போல நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும் பசை இல்லை இது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைக்கும் திரவம். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் பிரஷ் நுனியால் ஒரு தொடு. திரவம் தானாகவே இடுக்குக்குள் ஓடிவிடுகிறது. இரு பக்கமும் இளகி ஒன்றாகிவிடும். காய்ந்தபின் பிரித்தால் உடையுமே தவிர விடாது. கிட்டத்தட்ட வெல்டிங்தான். என்னிடம் ஒரு இறக்கையைக் கொடுத்தார். விரலுக்கடியில் திரவம் ஓடியதை நான் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் இறக்கைமேல் என் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகப் பதிந்திருக்கிறது, பத்திர ஆபீசில் வைத்த கைநாட்டு மாதிரி. எனக்கு முகம் செத்துவிட்டது. "காயட்டும், தேய்ச்சுக்கலாம். ஈரத்துல தொட்டாத்தான் ஆபத்து" என்று வாங்கி ஓரமாக வைத்தார்.

உடம்பின் இரு பாதிகளையும் மூடுமுன் மூக்குப் பக்கத்தில் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒட்டினார். முன்பாரம் இல்லாவிட்டால் முன்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டு, விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்துவிடுமாம். பிறகு இணைப்புக் கோட்டில் பட்டி பார்த்தல், உப்புத்தாள். 400, 800, 1500 என்று நைஸாகிக்கொண்டே போகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி பட்டி. முக்கால் மணி நேரம் இதுவே நடந்தது. இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பெயின்ட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ இதில் பாதி உப்புத்தாள்தான் என்று தோன்றியது.

இவ்வளவு தேய்ப்பதற்குக் காரணம் வெள்ளி நிறம். மிக்-21 எஃப்.எல். பெயின்ட் இல்லாத வெறும் உலோக மேனியோடு பறந்தது. மேட் பச்சையோ சாம்பலோ சின்னச் சின்னக் கீறலை மன்னித்துவிடும், வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். முதலில் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும், அதன்மேல் அலுமினிய லாக்கரைப் புகைபோல மெல்லியதாக. ஏர்பிரஷ் ஊசித்துளை 0.3 மில்லிமீட்டர். கனமாக அடித்தால் என்ன என்றதற்கு ஒரு கணக்குப் போட்டார். பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால், நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் கனம். "அஞ்சு மில்லி பெயின்ட்டு அடிச்ச ஃபைட்டர எவன் ஓட்டுவான்?"

மழைக்காலத்தில் லாக்கர் கூடாததற்கும் காரணம் உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப்போகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, பெயின்ட் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துவிடும். கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் பிரிக்கும் குப்பி வைத்தும் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையை அவர் நம்புவதில்லை.

பொங்கல் கழிந்து போனேன். முள் 62. விமானம் முழு வெள்ளியாக, பழைய அட்டைப்பெட்டி மூடிக்கடியில் தூசி படாமல் இருந்தது. என் கைநாட்டைத் தேடினேன், சுவடே இல்லை. தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. அவரோ மூடியை எடுத்துவிட்டு, பச்சை அக்ரிலிக்கைத் தட்டில் ஊற்றி, சாதாரண பிரஷ்ஷால் அந்த வெள்ளிமேல் திட்டுத்திட்டாகத் தீட்ட ஆரம்பித்தார். கோடு கோணல். பிரஷ் தடம் அப்படியே தெரிந்தது.

"ஐயோ" என்று நிஜமாகவே சொல்லிவிட்டேன்.

1971 போர்க்கால விமானமாம் இது. வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தவற்றுக்கு அப்போது அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள். ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் திட்டுகள் வேறு. டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகைமேல் ராக்கெட் வீசியவற்றில் 28-ஆம் ஸ்குவாட்ரனின் மிக்-21களும் உண்டு. இவர் சேரும்போது போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. "பெரியவங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன். கையில கெடச்ச பிரஷ்ஷுல பூசினோம்பாங்க. அத ஸ்ப்ரேல அடிச்சா பொய்யாயிடாதா?"

பச்சை பூசத்தான் போகிறோம் என்றால் அடியில் எதற்கு மூன்று மாத வெள்ளி? நேராகப் பச்சையையே அடித்திருக்கலாமே. கேட்டேன்.

"அடியில இருந்துச்சே" என்றார்.

அவர் மனைவி காபியோடு வந்தவர் பெயின்ட் தட்டைப் பார்த்துவிட்டு, "வடிகட்டி எங்க போச்சுன்னு தேடிட்டிருக்கேன்" என்றார். பதில் வரவில்லை. பெயின்ட் வடிகட்ட அது போயிருக்கும் என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

பச்சை அரைகுறையாகக் காய்ந்ததும் பல்குத்தும் குச்சியை எடுத்தார். கீழே லாக்கர் இறுகிவிட்டதால் மேலே இருக்கும் அக்ரிலிக் மட்டும் உரிந்துவருகிறது. விமான உடம்பிலுள்ள மூடிகளின் விளிம்பில் ஒரு புள்ளி, திருகு இருக்கும் இடங்களில் ஒரு பொட்டு. பிறகு இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்கு வந்து கொஞ்சம் அழுத்தியே சுரண்டினார். வெள்ளி பளிச்சென்று வந்தது.

"இங்க ஏறித்தான் நாங்க நிப்போம். பூட்ஸ் பட்டுப் பட்டு மொதல்ல போறது இந்த எடம்தான்."

எட்டத்தில் வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்லி, பிரஷ்ஷைப் பச்சையில் மறுபடி தொட்டார்.