சென்டோசாவில் ஒரு பகல் உணவு

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் சிங்கப்பூர் சென்றிருந்தோம். சென்டோசாவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு நுழைவுச்சீட்டுகளை ஊரிலிருந்தே வாங்கிவிட்டேன். உணவுக்கெனத் தனியாக எதுவும் ஒதுக்கவில்லை. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான 'முயிஸ்' வழங்கும் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகம் உள்ளேயே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் விலைப்பட்டியலைக் கண்டதும் ஒவ்வொரு டாலரையும் ரூபாயாக்கி வாய்விட்டுக் கணக்கிடத் தொடங்கினேன்.

"எனக்குப் பசிக்கல வாப்பா" என்றாள் என் எட்டு வயது மகள். காலையில் அவள் உண்டது ஒரேயொரு ரொட்டித் துண்டு.

வீண்விரயத்திற்கு அஞ்சியவன், பிள்ளையின் பசியிலேயே மிச்சம் பிடிக்கத் துணிந்துவிட்டேன். அனைவருக்கும் உணவு வாங்கினேன். அவள் ஒரு பருக்கையும் மீதம் வைக்கவில்லை. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிரவு மனைவியும் நானும் எஞ்சிய நாள்களுக்குக் கணக்கெழுதினோம். காலையில் சுல்தான் பள்ளிவாசலை அடுத்த இந்திய முஸ்லிம் கடைகளில் பரோட்டாவும் தேநீரும் வயிறார. வெளியே சுற்றும்போது பகலில் ஒருவேளை நல்ல உணவு. தண்ணீருக்குச் செலவே இல்லை. அங்கே குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். இதை ஊரிலேயே செய்திருக்க வேண்டும்.

உணவுப் பணத்தை ஓர் உறையிலிட்டு மகளிடமே கொடுத்தோம். மறுநாள் மாலை அதை எண்ணிப் பார்த்தவள், தயங்காமல் ஐஸ்கிரீம் கேட்டாள்.