அரை மாத்திரை

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்கு மலாயும் ஆங்கிலமும் படிக்க வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ்தான். கிளினிக்கில் கொடுக்கும் மருந்துப் பைகளில் எல்லாமே மலாயில் இருக்கும். நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். போன வருடம் மருந்துக் கம்பெனி மாறி, வெள்ளை மாத்திரை இளஞ்சிவப்பானதும் குழம்பிப் போனார்.

அலுவலகத்தில் தினமும் பெட்டிகளுக்கு லேபல் அடிக்கிறவன் நான். தமிழில் அடித்து ஒட்டினால் போயிற்று என்று நினைத்தேன். கிள்ளானில், வீட்டில் இருந்த சின்ன பிரிண்டரை எடுத்தேன். எக்செலில் மருந்துப் பெயர், வேளை, அளவு என்று மூன்று பத்தி. அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து லேபல் மென்பொருளுக்குக் கொடுத்தேன்.

வந்தது வெறும் கேள்விக்குறிகள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எக்செல் பழைய எழுத்துக் குறியீட்டில்தான் எழுதும். அதில் தமிழுக்கு இடமில்லை. கேள்விக்குறியாக மாறியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'மாத்திரை' நம் கண்ணுக்கு 4 எழுத்து. கணினிக்கு 8 குறி, 24 பைட். அதனால்தான் சில மென்பொருள்களில் தமிழ்ச் சொல் பாதியிலேயே வெட்டுப்படுகிறது.

தமிழ் வந்தது. அடுத்த தொல்லை அளவில். இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் பாதி போட வேண்டும். 1/2 என்று தட்டியிருந்தேன். லேபலில் '01-பெப்' என்று வந்திருந்தது! சாய்கோட்டைப் பார்த்ததும் எக்செல் அதைப் பிப்ரவரி முதல் தேதியாக்கிவிட்டது. (நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சாய்கோடு புதிய வம்பில்லை. விமானச் சீட்டில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதே அந்தக் கோடுதான். நம்முடைய ஏ/எல், ஏ/பி அங்கே கோடிழந்து பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.) அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று முதலிலேயே மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். எரிச்சலில் எக்செலையே மூடிவிட்டு நோட்பேடில் கையால் தட்டினேன்.

இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். இன்னொரு மாத்திரைக்கு 'காலை 1, இரவு 1' என்று எழுதினேன். சிஎஸ்வியில் காற்புள்ளி என்றால் அடுத்த பத்தி என்று பொருள். வாசகத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காததால் 'இரவு 1' தனிப் பத்தியாகிவிட்டது. லேபலில் 'காலை 1' மட்டும் அச்சானது. கேள்விக்குறி வந்திருந்தால் கவனித்திருப்பேன். இது பார்க்க அழகாக, முழுமையாக இருந்தது. ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அம்மாவுக்கு ரெண்டு நாளா தலை சுத்துது. இரவு மாத்திரை அப்படியே இருக்கு."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "நீதானய்யா ஒட்டுன? காலைன்னு மட்டும்தான போட்டிருக்கு" என்றார். மலாயில் எழுதியிருந்தபோது அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டிருப்பார். தமிழில், அதுவும் மகன் ஒட்டியது என்பதால் யாரையும் கேட்கவில்லை.

அன்றே தம்பி கிளினிக்குக் கூட்டிப் போனான். அழுத்தம் ஏறியிருந்தது, நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வார இறுதியில் நானே ஊருக்குப் போனேன். இம்முறை காற்புள்ளி இல்லை. காலைக்கு ஒரு வரி, இரவுக்கு ஒரு வரி. 1/2 என்ற இடத்தில் 'அரை' என்று எழுத்தில் போட்டேன். அடித்ததை ஒவ்வொன்றாகக் கிளினிக் பையோடு ஒப்பிட்டேன். பிறகு அம்மாவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசியில், "என் பேரு போடலையா?" என்றார்.

அம்மாவின் பெயரை, அடையாள அட்டையில் இருப்பதுபோல் ஏ/பி சேர்த்துத் தட்டினேன். அந்தப் பெயரிலேயே கோப்பைச் சேமிக்கப் போனால் விண்டோஸ் ஒப்பவில்லை. கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாதாம். கோப்புக்குச் சிறுகோடு வைத்தேன். லேபலில் சாய்கோடு அப்படியே இருந்தது.