தட்டும் சத்தம்

“நார்மலா, பவராண்ணா?”

சி.டி.எச். ரோட்டில் எந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். பல வருஷமாக இதற்குத் தப்பான பதிலையே சொல்லிவந்திருக்கிறேன், அதுவும் இரண்டு பக்கமும். கல்லூரி முடித்த புதிதில் என் 125 சிசி பைக்குக்கு மாதம் ஒருமுறை ‘பவர்’ போடுவேன். சம்பள நாளில் பிரியாணி சாப்பிடுவது மாதிரி அதற்கும் ஒரு நல்ல சாப்பாடு என்று நினைப்பு. பத்து வருஷம் கழித்து, கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கினேன். இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின். அதற்கு இ.எம்.ஐ. போக மிச்சமிருந்த காசில் நார்மல் போட்டேன்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 95 என்று போட்டிருந்தது. டயர் காற்று எவ்வளவு, எடை எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கும் நூறு எண்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஊர்களுக்கு இருக்கும் பெயர்களைவிட பஸ் ஸ்டாப்புகளுக்கு இருக்கும் பெயர்கள்தான் பிரபலம். பிரிட்டானியா, லூகாஸ், டன்லப். எல்லாம் கம்பெனிகள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தார். தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து கொரட்டூர் வந்ததும் டீ குடித்துவிட்டு, தெருமுனை வேப்பமரத்தடியில் அம்பாசடர், பத்மினி வண்டிகளை ரிப்பேர் பார்ப்பார். அந்த வரும்படியில்தான் நான் படித்தேன்.

அந்த வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. எந்த சிலிண்டரில் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். அதை லேசாகத் திருப்பினால் பொறி முன்னாலோ பின்னாலோ விழும். அப்பா அதற்குத் தனிக் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாடி பாலத்தில் டாப் கியரிலேயே வண்டியை ஏற்றுவார். ஆக்ஸிலேட்டரை அழுத்துவார். இன்ஜினிலிருந்து ‘கிளிங் கிளிங்’ என்று கண்ணாடி டம்ளரில் சில்லறை விழுவது மாதிரி ஒரு சத்தம் வரும்.

“கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

“தட்டுது. டைமிங் கொஞ்சம் முன்னால இருக்கு.”

இறங்கி, ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி பாலம் ஏறுவார். சத்தம் நிற்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் டைட் செய்வார். இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இன்ஜின் பிளாக்கில் ‘நாக் சென்சார்’ என்று ஒரு சின்ன வில்லை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதிர்வை மின்சாரமாக்கும் படிகம். அது கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைப் பின்னுக்குத் தள்ளும். எங்கள் தெருவில் அந்த வேலையை அப்பாவின் காது செய்தது.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது? பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. நெருக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து ஒழுங்காகப் பரவிக்கொண்டு போக வேண்டும். ஆனால் தீ போய்ச் சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலை சிலிண்டர் சுவரில் போய் மோதும். அதுதான் தட்டல். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும், ஓட்டைகூட விழும்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் இந்த அவசரத்தை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. 1920களில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஒரு அளவுகோல் போட்டார். சுலபத்தில் தட்டும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம். லேசில் தட்டாத, எட்டுக் கார்பன் கொண்ட ஐசோ ஆக்டேனுக்கு 100. 95 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எந்த இடத்தில் தட்டுமோ அந்த இடம்வரை இதுவும் தாங்கும் என்று அர்த்தம். அதற்குமேல் எதுவும் இல்லை. அதில் கூடுதல் சக்தி கிடையாது. பொறுமைதான் கூடுதல். என் 125 சிசி பைக் அந்தப் பொறுமையைக் கேட்கவே இல்லை, நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். டர்போ இன்ஜின் காற்றைத் திணித்துத் திணித்து நெருக்குகிறது. அதற்கு அது வேண்டும், நான் கொடுக்கவில்லை.

இந்தப் பொறுமையை மலிவாக வாங்க உலகம் ஒரு விலை கொடுத்தது. 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சொற்பமாகக் கலந்தாலே தட்டல் நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார். அவருக்கே ஈய விஷம் ஏறிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. ஈயமில்லாத பெட்ரோல் சென்னைக்கு வந்தது 1995 ஏப்ரலில். நாடு முழுக்க 2000 பிப்ரவரியில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். வேப்பமரத்தடியில் கார்புரேட்டர் கழுவ அப்பா டேங்கில் டியூப் விட்டு வாயால் பெட்ரோல் உறிஞ்சுவார். வாயில் வந்ததைத் துப்பிவிட்டு பீடி பற்றவைப்பார். இதையெல்லாம் படித்தபிறகு அந்தக் காட்சியை என்னால் பழைய மாதிரி நினைத்துப்பார்க்க முடியவில்லை.

வண்டி ஆசையும் அவரிடமிருந்து வந்ததுதான். வாலிபத்தில் நண்பர்களோடு சைக்கிளில் செங்குன்றம் தாண்டி சோழவரம் போவார். அங்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகும் அவருக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். நான் ஆர்.எஸ். வாங்கி வந்த அன்று வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. “திருப்ப எதுவுமே இல்லியேடா” என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்காததற்குக் காரணம் அதுதான்.

ஆறு மாதத்தில் வண்டியை ‘ரீமேப்’ செய்தேன். இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி, டர்போ அழுத்தத்தை ஏற்றி, பொறியை முன்னுக்குக் கொண்டுவருவது. செய்து கொடுத்தவர் சொன்னார்: “ப்ரோ, 97க்குக் கீழ போடாதீங்க.” யூடியூபில் ஒரு அமெரிக்கர் இதே வண்டிக்கு 93 போதும் என்றார். 93க்கே போதும் என்றால் நம்மூர் 95 தாராளம் என்று முடிவு செய்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. அமெரிக்க பங்கில் எழுதியிருப்பது இரண்டு விதச் சோதனைகளின் சராசரி. நம்மூரில் எழுதுவது ‘ஆர்.ஓ.என்.’ என்ற ஒரு சோதனை எண் மட்டும். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91. அவர்களுடைய 93 நம்முடைய 98க்குப் பக்கம்.

போன வருஷம் அப்பா அம்மாவோடு ஏலகிரி போனேன். வழியில் டேங்க் காலி. கிடைத்த சின்ன பங்கில் நார்மல் மட்டும்தான் இருந்தது. ஃபுல் போட்டேன். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அப்பா முன்சீட்டில். ஐந்தாவது வளைவு தாண்டி ஏற்றத்தில் அழுத்தினேன்.

கிளிங் கிளிங்.

பாடி பாலத்துச் சத்தம். இருபத்தைந்து வருஷம் கழித்தும் சட்டென்று அடையாளம் தெரிந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கேக்குதா?”

“என்ன?”

“தட்டுதுப்பா.”

தலையைச் சாய்த்து டேஷ்போர்டு பக்கம் காதைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மறுபடி அழுத்தினேன். நன்றாகவே கேட்டது. பின்சீட்டிலிருந்து அம்மா, “என்னடா சத்தம் அது?” என்று கேட்டாள். அப்பா முகத்தில் மட்டும் எதுவும் இல்லை. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“எந்த கியர்ல இருக்க?”

“மூணு.”

“ரெண்டுக்கு வா. அழுத்தாத. மேட்டுல கம்மி ஸ்பீடுல மூச்சு முட்ட இழுத்தாதான் தட்டும். இன்ஜின் லேசா சுத்தட்டும், லோடு குறையும்.”

சொன்னபடி செய்தேன். சத்தம் நின்றது.

“நின்னுடுச்சா?” என்று கேட்டார். அவர் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

ராத்திரி லாட்ஜில் அம்மா தூங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார். “எவ்ளோ நேரம் தட்டுச்சு?”

“ஒரு நிமிஷம் இருக்கும்ப்பா.”

“அவ்ளோ நேரமா,” என்றார். வண்டியைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சென்னை வந்ததும் இரண்டு பேருக்கும் பரிசோதனை. வண்டிக்கு லேப்டாப் மாட்டி லாக் எடுத்தார்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்யூட்டர் பொறியைத் தன்னால் முடிந்தமட்டும் பின்னுக்குத் தள்ளியிருந்தது. கம்பெனிக் கணக்கில் மோசமான பெட்ரோலுக்கென்று கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தைத்தான் நான் காசு கொடுத்து அழித்திருக்கிறேன். நல்லவேளை, பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவை இருட்டறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தார்கள். காகிதத்தில் கோடு நேராக வந்து, 3,000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் போவது அந்தப் பகுதிதான் என்றார் மருத்துவர். என் வண்டி அளவுள்ள சிலிண்டரில் தட்டல் ஒலிப்பது ஏறக்குறைய 6,000, 7,000 ஹெர்ட்ஸில். பகலெல்லாம் பிரஸ் ஷாப் தின்றது, சாயங்காலம் அவருக்குச் சோறு போட்ட அதே சத்தங்களைத்தான். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. வேப்பமரத்தடிக் கடைசி வருஷங்களில் அவர் எதை வைத்து டைமிங் பார்த்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரீமேப்பை அழித்துப் பழைய கணக்கையே போட்டுவிட்டேன். இப்போது என் விதி எளிது. மூடியில் எழுதியிருப்பதைப் போடு. 95 கேட்டால் 95. நூறு ஆக்டேனும் கிடைக்கிறது, விலை மிக அதிகம். கேட்காத வண்டிக்கு அதைப் போடுவது வீண். வழியில் கேட்டது கிடைக்காவிட்டால் கிடைப்பதைக் கொஞ்சமாகப் போட்டு, மிதிக்காமல் ஓட்டி, அடுத்த பங்கு போய்ச் சேர்வது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் எண் நூறுக்கும் மேல், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் குறைகிறது என்று தெருவில் எல்லோரும் புலம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

காதுக் கருவி வேண்டவே வேண்டாம் என்று அப்பா நான்கு மாதம் அடம்பிடித்தார். பொங்கலுக்கு முன்னால் ஒத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், காபிகூடக் குடிக்காமல், “வண்டிய ஸ்டார்ட் பண்ணு” என்றார். பானெட்டைத் திறந்து, பக்கத்தில் நின்று கேட்டார். முகம் மாறியது.

“டிக் டிக்னு என்னமோ அடிக்குதுடா. வால்வா?”

“இல்லப்பா, இன்ஜெக்டர். பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கிற இன்ஜின் எல்லாம் இப்படித்தான் சத்தம் போடும். நார்மல்தான்.”

“வாங்கின நாள்லேர்ந்தேவா?”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். “சரி, பாடி பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம் வா,” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.