வெள்ளி போன பிலிம்

கட்டாரில் வேலை செய்யும் மாமா சென்ற விடுமுறையில் வந்தபோது எனக்கு இரண்டு பிலிம் ரோல் கொண்டுவந்தார். இரண்டும் இல்போர்ட் கறுப்பு வெள்ளை, இரண்டும் ஐ.எஸ்.ஓ. 400. ஒன்று எச்.பி.5 பிளஸ், மற்றது எக்ஸ்.பி.2 சுப்பர். அலுமாரிக்குள் கிடந்த வாப்பாவின் பழைய கமெரா வெளியே வந்தது.

வாப்பும்மா அப்போது எங்களோடு பட்டிப்பொலயில் இருந்தார். எங்கள் ரெயில் நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது, இலங்கையிலேயே உயரமானது. அந்தக் குளிர் அவரது நெஞ்சுக்கு ஒத்துவரவில்லை. சாச்சா அக்குறணைக்குக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. ஆட்களின் படத்தைச் சுவரில் மாட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வாப்பும்மாவின் படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளது மட்டும்தான்.

போவதற்கு முன் மூன்று நாட்கள் அவரைப் படம் எடுத்தேன். குசினி அடுப்படியில் கை காயவைப்பது, பனிமூட்டத்தில் வாசலில் நிற்பது, தஸ்பீஹ் உருட்டுவது என 36 படங்கள். போட்டது எச்.பி.5. காரணம் வேறொன்றுமில்லை, பெரிய படப்பிடிப்பாளர்கள் அதைப் பாவிப்பதாக வாசித்திருந்தேன்.

நகரத்தில் ஒரு கலர் லேப்பில் கொடுத்தேன். இது எந்த வகைப் பிலிம் என்று நான் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. திரும்பி வந்தது வெறும் பிளாஸ்டிக் பட்டி. ஓரத்து இலக்கங்கள்கூட இல்லை.

“இதுல ஒண்டுமே இல்லையே மகள்” என்றார் வாப்பா, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

காரணம் இரசாயனவியல்தான். எச்.பி.5 இல் படம் என்பது வெள்ளித் துணிக்கைகள். கலர் பிலிம் கழுவும் சி-41 முறையிலோ, சாயம் உருவானபின் வெள்ளி முழுவதும் வெளுக்கப்பட்டுக் கரைக்கப்படும். கலர் பிலிமில் சாயம் மிஞ்சும். எச்.பி.5 இல் சாயமே உருவாகாது, ஆகவே ஒன்றும் மிஞ்சாது. எக்ஸ்.பி.2 கறுப்பு வெள்ளையானாலும் சாயப் பிலிம், சி-41க்கென்றே செய்தது. அது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை.

இரண்டாவது ரோலை அக்குறணைக்குக் கொண்டுபோனேன். விறாந்தையில் நல்ல வெளிச்சம். கமெராவில் 400க்குப் பதில் 200 என்று வைத்தேன். இந்தப் பிலிம் கூடுதல் ஒளி பட்டால் மணித்தன்மை குறைந்து மென்மையாகும். வெள்ளிப் பிலிமில் அப்படிச் செய்தால் மணிதான் கூடும்.

ஸ்கேன் செய்தபோதும் இது கைகொடுத்தது. சில ஸ்கேனர்கள் செந்நிறக்கீழ்க் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும். சாயம் அக்கதிரை விட்டுவிடும், தூசி மறிக்கும். வெள்ளியும் மறிக்கும், அதனால் வெள்ளிப் பிலிமில் அவ்வசதி படத்தையே தூசியென்று நினைத்துக் கெடுத்துவிடும். 2400 டி.பி.ஐ. இல் ஒரு படம் ஏறக்குறைய 3400க்கு 2270 பிக்சல் வந்தது. ஏ4 தாளுக்கு அது போதும். முதல் பிரிண்டில் வாப்பும்மாவின் முக்காடு இலேசாகப் பச்சையடித்தது, கலர் மைகளைக் கலந்து சாம்பல் நிறம் உண்டாக்கியதால். கறுப்பும் சாம்பலும் தனி மையாக உள்ள பிரிண்டரில் மறுபடி எடுத்தோம். காசு இரட்டிப்பு, ஆனால் சுருக்கம் சுருக்கமாகவே தெரிந்தது.

லயனல் வென்ட் 1944இல் மறைந்தபின் அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன, எஞ்சியவை பிரிண்டுகள். அதை வாசித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கணினியிலேயே விட்டுவைக்க எனக்கு மனமில்லை. பிரிண்டை உறையில் போட்டு வாப்பும்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் ஈக்கி. குசினியில எடுத்தியே, அது எங்க மகள்?”

அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வெறும் பட்டி இன்னும் எனது இரசாயனவியல் கொப்பிக்குள் இருக்கிறது.