கழற்றாமல் தீராது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாங்க வருகிறார்கள். பீங்கான் ஜாடி, எனாமல் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம் என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்கு பிரிந்தபோதும் இடிபட்டபோதும் வெளியே வந்த சாமான்கள். நான் போனது நாற்காலிக்காக. வாங்க இல்லை, ஆட்டம் கண்டவற்றை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்க. அந்த வேலை கடைகளில் நடப்பதில்லை. தள்ளியிருக்கும் சந்துகளில், தகரக் கொட்டகைப் பட்டறைகளில் நடக்கிறது.

நான் உட்கார்ந்திருந்த பட்டறையின் ஆசாரிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அக்கா மகன் கூடவே வேலை பார்க்கிறார். வாசல் நிழலில் ஓர் அம்மா, ஊறவைத்த பிரம்பை ஈரம் காயுமுன் இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் நாற்காலிகள். பர்மாத் தேக்கில் செய்த கைவைத்த நாற்காலிகள், சாய்வு நாற்காலிகள், யாரோ கொண்டுவந்து போட்ட பள்ளிக்கூட நாற்காலிகள். இரங்கூனிலும் மோல்மேனிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கப்பலில் இறக்கிய மரத்தின் மிச்சம் இது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் தொழிலை விட்டுவிட்டு மனிதர்கள் திரும்பினார்கள். அதற்கு முன்பே இங்கு வந்து சேர்ந்துவிட்ட மரம் இன்னும் உழைக்கிறது.

ஆசாரி எந்த நாற்காலியையும் முதலில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, முதுகுச் சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுகிறார். காதைக் கொடுத்துக் கேட்கிறார். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டு மருமகனை ஆட்டச் சொல்கிறார். “எல்லா மூட்டும் ஒரே நாள்ல விடாதுங்க. முதல்ல ஒண்ணு விடும். அதைப் பாக்காம உக்காந்துக்கிட்டே இருந்தா, அது மத்த மூட்டையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்.” பெரும்பாலும் முதலில் விடுவது பின்கால்களும் இருக்கையின் பக்கச் சட்டங்களும் சேரும் இடம்தான். நாற்காலியைப் பின்னால் சாய்த்து இரண்டு காலில் நிறுத்தி ஆடுகிறோமே, அந்தப் பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

உடைந்தால்தான் மூட்டு விடும் என்றில்லை. சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு, காலில் பொளித்த துளைக்குள் இறங்கியிருக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அதிகம் சுருங்காத மரம் என்று பேர் வாங்கிய தேக்கே, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது குறுக்கில் ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கக்கூடியது. ஐப்பசி மழையில் நாக்கு ஈரம் குடித்து உப்பும். துளைக்குள் விரிய இடமில்லாமல் அதன் நார்கள் நசுங்கும். சித்திரை வெயிலில் காயும்போது நசுங்கிய அளவுக்கும் சேர்த்துச் சிறுத்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி நடந்தால், நல்ல ஆசாரி செய்த மூட்டும் ஒரு நாள் விட்டே தீரும். ஏசி அறைக்குப் போன நாற்காலிகள் சீக்கிரம் வருகின்றன என்கிறார் மருமகன். அந்தக் காற்று வறண்டது; ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முற்பகலில் ஓர் ஆச்சி ஆட்டோவில் நாற்காலியோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை வந்தபோது ஆடியதாம், அவசரத்துக்கு வீட்டிலேயே இரண்டு ஆணி அடித்தார்களாம். ஆசாரி அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆச்சி, ஆடுனப்பவே கொண்டாந்திருந்தா அரை நாள் வேலை. ஆணியை எடுத்துட்டுத்தான் நான் ஆரம்பிக்கவே முடியும்” என்றார். ஆச்சி விடவில்லை: “நீ வர்றேன் வர்றேன்னு ரெண்டு மாசம் ஆச்சுல்ல அப்பு?” ஆசாரியிடம் அதற்குப் பதில் இல்லை. சிரித்துக்கொண்டே குறடை எடுத்தார்.

அந்த ஆணியை எடுக்கும் வேலையைப் பார்க்கக் கிடைத்தது நல்லதாயிற்று. தலை மரத்துக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் மெல்லிய உளியால் குழி பறித்துத்தான் பிடி கிடைத்தது. மூட்டைக் கழற்றியதும் சேதம் தெரிந்தது: நாக்கு ஆணியின் வழியே இரண்டாகப் பிளந்திருந்தது. ஆணி மூட்டை இறுக்குவதில்லை. ஆடுகிற மூட்டுக்குள் அடித்தால் அந்த ஆணியே அச்சாகி, மரம் அதைச் சுற்றி ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்குகிறது. துருப்பிடித்தால் கறை வேறு. எல் வடிவ இரும்புத் தகட்டை உள்பக்கம் வைத்து முடுக்குவதும் இதே ரகம்தான். ஒரு வருஷம் ஓடும், பிறகு திருகாணிகள் சட்டத்தையே கிழித்துக்கொண்டு வரும்.

இன்னொரு வழி, இடுக்கில் பசையைப் பீய்ச்சிவிட்டுக் கயிறு கட்டி வைப்பது. நம்மில் பலர் இதைத்தான் செய்கிறோம். ஆனால் வெள்ளைப் பசை மரத்தின் நாரில் பிடிக்குமே தவிர, காய்ந்துபோன பழைய பசையின் மேல் பிடிக்காது. ஆகவே கழற்ற வேண்டும், சுரண்ட வேண்டும். வேறு குறுக்கு வழி இந்தப் பட்டறையில் நான் பார்க்கவில்லை.

கழற்றுவதற்கு முன்பு சாக்கட்டியால் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணை எழுதுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கையால் செதுக்கிய நாக்கு அதன் துளைக்கு மட்டும்தான் சேரும். பழந்துணியை மடித்து வைத்து, அதன்மேல் கொட்டாப்புளியால் மூட்டுக்கு ஒட்டினாற்போலத் தட்டுகிறார்கள். வராத மூட்டுக்கு வெந்நீரும் பொறுமையும். வெள்ளைப் பசையாக இருந்தால் வெதுவெதுப்பான வினிகரைத் துணியில் நனைத்துச் சுற்றிவைத்தால் இளகும்.

பழைய நாற்காலிகளில் இருப்பது வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. சில்லுகளை இரவே தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். கொதித்துவிட்டால் பிடிமானம் போய்விடும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். கடல்காற்றின் ஈரத்தில் நெகிழும் என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் வெந்நீர் பட்டால் இளகிக்கொடுக்கும். பழைய வஜ்ஜிரத்தின் மேல் புது வஜ்ஜிரம் கலந்து பிடிக்கும். நூறு வருஷம் கழித்து வரப்போகும் இன்னோர் ஆசாரிக்கு வழிவிட்டுச் செய்த பசை அது. இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி அப்படியில்லை. அதனால் அதை உடைந்த மரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூட்டுக்குள் விடுவதில்லை. என் கணக்கில் நல்ல பழுதுபார்ப்புக்கு இதுதான் அளவுகோல்: அடுத்தவர் கழற்ற முடிய வேண்டும்.

சுரண்டும்போது பசையை மட்டும்தான் எடுக்கிறார்கள். மரத்தைச் சீவினால் தளர்ச்சி கூடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைக்கிறார்கள். சிறுத்துப்போன நாக்குக்கு, இழைப்புளியில் வந்த மெல்லிய தேக்குச் சீவலையே பக்கத்தில் ஒட்டிப் பருமனாக்குகிறார்கள். ஆச்சியின் நாற்காலிக்கு அது போதவில்லை. பிளந்த இடத்தைப் பசை போட்டு இறுக்கி, காய்ந்தபின் நாக்கின் நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, அதில் சின்ன ஆப்பைச் செருகினார் ஆசாரி. துளைக்குள் தட்டும்போது துளையின் அடியில் மோதி ஆப்பு உள்ளே ஏறும், நாக்கு விரியும். ஆப்பு ஒரு நூல் தடித்தாலும் நாக்கு முழுக்க இறங்காது, பாதியில் நின்றால் திரும்பவும் வராது. அதனால் இதை மருமகனிடம் இன்னும் விடவில்லை.

பசையில்லாமல் ஒருமுறை முழுக்கக் கோத்துப் பார்த்துவிட்டுத்தான் பசை. பெரிய கிளாம்ப் எல்லாம் இங்கே கிடையாது. நான்கு காலையும் சுற்றிக் கொடிக்கயிறு, அதற்குள் ஒரு குச்சி, முறுக்க முறுக்கச் சட்டங்கள் நெருங்கி வருகின்றன. பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைக்கிறார்கள். விட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. பிறகு இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்கிறார்கள். இருக்கை முன்பக்கம் அகலமாக இருந்தாலும் இரண்டு குறுக்களவும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் கடப்பைக் கல்லின் மேல் நிறுத்தி, நான்கு காலும் படிகிறதா என்று பார்த்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுகிறார்கள். ஒரு கால் தூக்கினால் மற்றதை அறுக்கக் கூடாது. பசை ஈரமாக இருக்கும்போதே சட்டத்தைத் திருகிச் சரிசெய்தால் பெரும்பாலும் படிந்துவிடும். அறுக்கத் தொடங்கியவர்கள் நாற்காலியை மணையாக்கித்தான் நிறுத்துவார்கள்.

மூலையில் ஒரு வளைமர நாற்காலியும் கிடந்தது. வியன்னாவில் மிஹாயேல் தோனெத் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் சாயல். அசலா நகலா என்று ஆசாரிக்குக் கவலையில்லை. ஆவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகளைத் திருகாணியால் பூட்டிய அமைப்பு அது. கழற்றிய நிலையில் 36 நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். திருகாணி ஓட்டைகளில் பசை தொட்ட மூங்கில் சிம்பைச் செருகி மறுபடி முடுக்கினார் மருமகன். வேலை முடிந்தது.

கூலிப் பேச்சுதான் இந்தப் பட்டறையில் கேட்கச் சங்கடமான பேச்சு. “இந்தக் காசுக்குப் புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிடலாமே” என்று என் முன்னாலேயே ஒருவர் சொன்னார். வாங்கலாம்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விட்டால் பழைய இரும்புக்காரரிடம் போடுவதைத் தவிர வழியில்லை என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

உங்கள் வீட்டு நாற்காலி ஆடத் தொடங்கியிருந்தால், அடியில் பாருங்கள். திருகாணி தளர்ந்ததென்றால் மூங்கில் சிம்பும் துளிப் பசையும் போதும், நீங்களே செய்யலாம். ஒரு மூட்டு மட்டும் கையோடு வருகிறதென்றால் சுரண்டி, பசையிட்டு, கொடிக்கயிற்றால் முறுக்கிவைக்கலாம். அதற்கு மேலென்றால் பக்கத்து ஆசாரியிடம் கொடுங்கள். ஆணி மட்டும் வேண்டாம். இந்தப் பட்டறையில் ஆணி பிடுங்கக் கூலி தனி.