நிலா பர்கரும் ஒரு காலாவதி தேதியும்

செப்டம்பர் பொறந்துட்டா எங்க வீட்ல ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, சிவகாசிலேருந்து அப்பா போன் பண்ணி "புரட்டாசி வருது, ஞாபகம் இருக்கா?"ன்னு கேப்பார். இன்னொண்ணு, ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற மெக்டொனால்ட்ஸ் கண்ணாடியில மஞ்சளா ஒரு முழு நிலா படம் ஒட்டுவாங்க. ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. மாடு, பன்றி, முட்டை மூணும் ஒண்ணா அடுக்கின பர்கர் வர்ற நேரம் பாத்துத்தான் எங்க பெருமாள் கவிச்சி வேணாங்கிறார். நான் என்னங்க பண்றது?

அந்த பர்கர் பேரு ட்சுகிமி. ட்சுகின்னா நிலா, மின்னா பாக்குறது. நிலா பாக்குற பர்கர்! பழைய சந்திர மாசக் கணக்குல எட்டாவது மாசம் பதினஞ்சாம் நாள் ராத்திரி, ஜப்பான்காரங்க நாணல் மாதிரி ஒரு புல்லை ஜாடியில வெச்சு, அரிசிமாவு உருண்டைகளை அடுக்கி, நிலாவைப் பாத்துக்கிட்டு உக்காருவாங்க. நம்ம ஊர் நிலாவுல பாட்டி வடை சுடுவா, இவங்க நிலாவுல முயல் மாவு இடிக்கும். (ரெண்டு பேருக்குமே நிலாவப் பாத்தா சாப்பாடுதான் ஞாபகம் வருது, கவனிச்சீங்களா?) சூடான நூடுல்ஸ் மேல முட்டைய உடைச்சு ஊத்தினா அதுக்கு ட்சுகிமி உதோன்னு பேரு. மஞ்சக்கருதான் நிலா. அதே கணக்குல 1991ல மெக்டொனால்ட்ஸ் பன்னுக்குள்ள ஒரு வட்ட முட்டைய வெச்சு நிலான்னுட்டாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது வருஷாவருஷம் வருது. இப்ப மத்த கடைக்காரங்களும் ஆளுக்கொரு நிலாவோட செப்டம்பர்ல இறங்கிடறாங்க.

இது மட்டும்னு இல்ல. வசந்தம் வந்தா தெரியாக்கி சாஸோட முட்டை வெச்ச தெரிதமா, 1996லேருந்து. டிசம்பர்ல குராகோரோ, 1993லேருந்து. இந்தக் குராகோரோ பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். வெள்ளை சாஸ்ல மக்ரோனியப் போட்டு, ரொட்டித்தூள் பூசிப் பொரிச்சு, அதைப் பன்னுக்குள்ள வெச்சுத் தருவாங்க. மைதாக்குள்ள மைதா, அதுக்குள்ள மைதா! பரோட்டாவுக்குத் தொட்டுக்க சேமியா உப்புமா கேட்ட மாதிரி இருக்கும். ஆனா குளிர்ல கை விறைச்சுப்போய் நிக்கிறப்ப கடிச்சுப் பாருங்க, அப்புறம் கிண்டல் பண்ண வாய் வராது. 2014ல பர்கர் கிங்ல மூங்கில் கரி சேத்து, பன்னு, சீஸ் எல்லாம் கன்னங்கரேல்னு ஒரு பர்கர் போட்டாங்க. சீஸைப் பாத்தா சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுற ரப்பர் மாதிரியே இருந்துச்சு. ஒருதடவை சாப்பிட்டேன், போதும்.

கிறிஸ்துமஸ்னா கேஎஃப்சி. 1974ல அவங்க ஆரம்பிச்ச விளம்பரம் இன்னிக்கு ஊர் வழக்கமாவே ஆயிடுச்சு. முன்கூட்டியே பதிவு பண்ணி வெச்சு வாங்கணும். இது தெரியாம வந்த முதல் வருஷம் நானும் தங்கமணியும் டிசம்பர் 24 சாயங்காலம் ஜம்முனு கிளம்பிப்போய், வரிசையப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டோம். வீட்ல ரசம் இருந்துச்சு.

இந்த மாதிரிப் பண்டம் எல்லாத்துக்கும் போஸ்டர்ல நாலு சித்திர எழுத்து இருக்கும். கிகான் கென்தேய். கிகான்னா காலம், கென்தேய்னா இவ்வளவுதான்னு எல்லை போடுறது. அதாவது கொஞ்ச நாளைக்கு மட்டும். இந்த ஊர்ல முதல்ல நான் அடையாளம் கண்டுபிடிச்ச எழுத்துகள்ல இந்தக் கிகானும் ஒண்ணு. பர்கர் பாத்து இல்லீங்க. 2012 அக்டோபர்ல விமானத்தை விட்டு இறங்கினப்ப ஒரு அட்டை குடுத்தாங்க, வெளிநாட்டுக்காரன் எப்பவும் பையில வெச்சிருக்க வேண்டிய அட்டை. அதுலயும் அதே எழுத்து. ஸைர்யூ கிகான், தங்கும் காலம். பக்கத்துல முடியுற தேதி. எனக்கு முதல்ல ஒரு வருஷம் போட்டுக் குடுத்தாங்க. அப்புறம் மூணு, திரும்ப மூணு. பர்கருக்கு ஒரு மாசம், நமக்கு மூணு வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம்னு ஆபீஸ்ல சொல்லிச் சிரிப்பேன்.

ஒவ்வொரு தடவையும் தங்கமணி கேப்பா, "அடுத்த நிலா பர்கருக்கு இங்க இருப்போமா?" நானும் "இந்தத் தடவை முடிஞ்சதும் ஊருக்குப் போயிடலாம்"பேன். மூணு நாலு வருஷத்துல இதை ரெண்டு பேருமே நம்புறத நிறுத்திட்டோம், ஆனா சொல்றத நிறுத்தல.

அம்மா போன அடுத்த வருஷம், 2019 செப்டம்பர்ல, அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். வாழ்க்கையில முதல் விமானம். அப்பா சிவகாசியில அச்சுக் கோக்குற வேலை பாத்தவர். ஈய எழுத்துகள ஒண்ணொண்ணா பொறுக்கி, இடம் வலம் மாத்தி அடுக்கியே கண்ணு பழகினவர். ஆஃப்செட் வந்து அந்த வேலை போனப்புறம் காலண்டர் கம்பெனியில பிழை திருத்தினார். தெரியாத மொழியா இருந்தாலும் எழுத்தப் பாத்தா விடமாட்டார், உத்து உத்துப் பாப்பார்.

மகளுக்கு அப்ப ஆறு வயசு, இங்கேயே பொறந்தவ. வந்த மூணாவது நாள் "தாத்தா, மக்கு! மக்கு!"ன்னு அவர் கையப் பிடிச்சு இழுத்தா. அப்பா முகம் போன போக்கப் பாக்கணுமே. டோக்கியோவுல மெக்டொனால்ட்ஸைச் செல்லமா மக்குன்னுதான் கூப்பிடுவாங்கன்னு விளக்குறதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு.

போயி உக்காந்தோம். புரட்டாசி பொறந்து நாலு நாள் ஆகியிருந்துச்சு. அப்பாவுக்கு அங்க என்ன வாங்கித் தர? உருளைக்கிழங்கு வறுக்கிற எண்ணெயில மாட்டுக்கொழுப்பும் கலந்திருக்கும், அதனால அதுவும் கிடையாது. கடைசியில வெறும் பால் வாங்கிக் குடுத்தேன். நானும் அன்னிக்கு நல்ல பிள்ளையா காபி மட்டும். மகளும் தங்கமணியும் நிலா பர்கர்.

"இது என்ன கறிய்யா?"ன்னார் அப்பா.

"கறிதாம்ப்பா"ன்னேன்.

"சரி"ன்னுட்டார். அதுக்கு மேல கேக்கல. எழுபது வருஷம் வாழ்ந்த மனுசனுக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் சுவர்ல இருந்த நிலா படத்தக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப்பாத்துட்டு, "பௌர்ணமி போயி ஒரு வாரம் ஆச்சேய்யா. தேய்பிறையில என்ன நிலா பாக்குறாங்க?"ன்னார். நியாயமான கேள்விதான். அந்த வருஷம் இவங்க நிலா பாக்குற நாள் செப்டம்பர் 13லயே முடிஞ்சிருந்துச்சு.

அப்பா போஸ்டரை விடல. எந்திரிச்சுப் பக்கத்துல போயி, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டுப் பாத்தார். திரும்பி வந்து, "உன் அட்டைய எடு"ன்னார்.

எடுத்துக் குடுத்தேன். மேஜை மேல வெச்சு, நகத்தால தொட்டுக் காட்டினார். "இந்த ஏணி மாதிரி எழுத்து அங்க பெருசா இருக்கு. உன் அட்டையில நாலஞ்சு இடத்துல இருக்கு. அப்புறம் இந்த ரெண்டு எழுத்து, அங்க கீழ இருக்கிறது, அப்படியே உன்னுதுலயும் இருக்கு."

ஏணி மாதிரி எழுத்துன்னா ட்சுகி. நிலாவுக்கும் அதான், மாசத்துக்கும் அதான், நம்ம திங்கள் மாதிரி. கிகான்ல வர்ற 'கி'க்குள்ளயும் வலது பக்கம் அது ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏழு வருஷம் அந்த அட்டைய பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், அதுக்குள்ள ஒரு நிலா இருக்குன்னு எனக்குத் தோணினதே இல்ல.

"ரெண்டுலயும் என்ன எழுதியிருக்கு?"

"அங்க கொஞ்ச நாளைக்கு மட்டும்னு போட்டிருக்கு. இதுல எது வரைக்கும் இருக்கலாம்னு."

அப்பா அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தார். முடியுற தேதிக்கு அப்ப ஒரு மாசம்தான் பாக்கி, புதுப்பிக்கக் குடுத்திருந்தேன். "அடுத்த மாசம் முடியுதா?"ன்னு கேட்டப்ப அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, அத நான் பாக்காம இருந்திருக்கலாம்.

அவர் ஊருக்குப் போனப்புறம், அக்டோபர்ல அஞ்சு வருஷம் போட்டுக் குடுத்தாங்க. தங்கமணி பாயசம் வெச்சா. அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "நல்லதுய்யா"ன்னார்.

அடுத்த வருஷம் திரும்பக் கூட்டிட்டு வரலாம்னு பாத்தா 2020. வெளிய போனா உள்ள வர முடியாதுங்கிற நிலைமை. அப்புறம் எல்லாம் சரியாச்சு, ஆனா அப்பாவோட முட்டி சரியாகல. நாங்கதான் வருஷத்துக்கு ஒருதடவை போயிட்டு வர்றோம்.

பத்து வருஷம் இருந்தவங்க நிரந்தரமா தங்க மனு போடலாம். அது கிடைச்சா அட்டைய ஏழு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணுமே தவிர, தங்கும் காலத்துக்கு எல்லை கிடையாது. 2022லயே படிவத்த எடுத்து வெச்சேன். அலமாரி இழுப்பறையில ஒரு ஓரமாக் கிடக்குது. 2024ல மறுபடி அஞ்சு வருஷத்துக்குத்தான் புதுப்பிச்சேன். ஏன்னு தங்கமணி கேக்கல.

2025 செப்டம்பர்ல மகள் தன் சொந்தக் காசுல நிலா பர்கர் வாங்கிட்டு வந்தா. பன்னெண்டு வயசு. வீடியோ கால்ல தாத்தாவுக்குக் காட்டினா.

"வந்துருச்சா? எது வரைக்கும்?"ன்னார் அப்பா.

"அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் தாத்தா. தீந்துட்டா அதுக்கு முன்னாடியே போயிடும்."

"உங்கப்பனுது?"

மகள் என்னைப் பாத்தா. "2029 அக்டோபர்ப்பா"ன்னேன்.

அப்பா திரும்பி, பின்னாடி சுவர்ல தொங்குற தினசரி காலண்டரப் பாத்தார்.

"அந்த வருஷத்துக் காலண்டர் இன்னும் அச்சுக்கே போகலையேய்யா"ன்னார்.

அப்புறம் பேத்திகிட்ட, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடும்மான்னார்.